பேரழிவுப் படங்களில் வெயிலுக்கு ஏன் இடமில்லை?

[திரையில்: அண்டார்க்டிகா. பனித்தட்டு பிளக்கும் காட்சி]

2004 மே மாதம் வெளியான 'தி டே ஆஃப்டர் டுமாரோ' படம் இப்படித்தான் தொடங்கும். லார்சன் பி பனித்தட்டில் விஞ்ஞானிகள் துளை போட்டுக்கொண்டிருக்கும்போதே அது பிளந்துகொள்கிறது. இது முழுக்கக் கற்பனை இல்லை. 2002-இல் லார்சன் பி நிஜமாகவே நொறுங்கியது. சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் பனி, ஒரு மாதத்துக்குச் சற்றே அதிகமான காலத்தில்!

அப்புறம் படம் வேகமெடுக்கிறது. உருகிய பனியின் நன்னீர் வட அட்லாண்டிக்கில் கலக்க, வெப்பத்தை வடக்கே சுமந்துபோகும் கடல் நீரோட்டம் நிலைகுலைகிறது. சில நாட்களிலேயே நியூயார்க்கைக் கடல் மூழ்கடிக்கிறது. பிறகு நகரமே உறைந்துபோகிறது.

அந்த நீரோட்டம் உண்மை. இந்த நூற்றாண்டில் அது பலவீனமடைய மிகுந்த வாய்ப்பு இருப்பதாக ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை சொல்கிறது. 2100-க்குள் திடீரென முடங்கிவிடாது என்றும் சொல்கிறது, ஆனால் அடித்துச் சொல்லவில்லை. கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். முடங்கினாலும் விளைவுகள் தெரியப் பல ஆண்டுகள் பிடிக்கும். படத்திலோ, வான உச்சியிலிருந்து இறங்கும் குளிர்காற்று ஹெலிகாப்டர்களை நொடியில் உறையவைக்கிறது. நிஜத்தில் கீழே இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகும், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி.

[திரையில்: நூலகத்துக்குள் பரவும் உறைபனி]

சரி, சினிமாதானே என்று இதை விட்டுவிடலாம். எனக்கு உறுத்துவது இந்தக் காட்சி. உறைபனி நூலகத்தின் தரையிலும் சுவரிலும் ஊர்ந்து வருகிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள். கதவைச் சாத்தி, கணப்பில் புத்தகங்களைப் போட்டு எரித்துப் பிழைக்கிறார்கள். குளிர் இங்கே அசல் வில்லன்: துரத்தும், கதவைச் சாத்தினால் தோற்கும். கேமராவுக்கு இப்படி ஓர் எதிரி தேவை. அதனால்தான் பூமி சூடாவதைப் பற்றிய கதை பனியில் போய் முடிகிறது.

படம் வருவதற்கு முந்தைய ஆண்டுதான், 2003 கோடையில், வெப்ப அலை ஐரோப்பாவில் 70,000-க்கும் அதிகமானவர்களைக் கொன்றது. பாரிஸில் துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு நேர் கீழே உள்ள சின்னச் சின்ன அறைகளில் தனியாக இருந்த முதியவர்கள் பலர் இறந்தார்கள். ஆகஸ்ட் மாதம்; ஊரில் பாதிப்பேர் விடுமுறைக்குப் போயிருந்தார்கள். பிணவறைகள் நிரம்பி, நகருக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கில் உடல்களை அடுக்க வேண்டியிருந்தது. கடல் அலை இல்லை, சூறாவளி இல்லை. கதவைச் சாத்தினால் அறை இன்னும் புழுங்கும்.

படம் வீண் என்று சொல்ல மாட்டேன். அதைப் பார்த்தவர்களுக்குக் காலநிலை குறித்த கவலை கூடுதலாக இருந்ததை அமெரிக்க ஆய்வாளர் அந்தோனி லைசெரோவிட்ஸ் பதிவுசெய்தார். அரசியலிலும் அது துணிந்தது. எச்சரிக்கையைக் காதில் வாங்காத துணை அதிபர், ஆற்றைக் கடந்து மெக்சிகோவுக்குள் ஓடும் அமெரிக்கர்கள், லத்தீன் அமெரிக்கக் கடனைத் தள்ளுபடி செய்த பிறகே திறக்கும் எல்லை. நியூயார்க்கை மூழ்கடிக்கும் அலையைவிட இந்த எல்லைக் காட்சிதான் எனக்குப் பெரிது.

படம் வந்த அதே 2004-இல் பிரான்ஸ் ஒரு வெப்ப அலைத் திட்டம் கொண்டுவந்தது. தனியாக வாழும் முதியவர்களின் பட்டியலை நகராட்சிகள் வைத்திருக்கின்றன. வெயில் ஏறினால் போன் போட்டு விசாரிக்கிறார்கள். போனை எடுக்காத ஒருவரைத் தேடிப் படியேறும் ஊழியரை வைத்து ஒரு முழுநீளப் படம் எடுக்கலாம். அதற்குக் கிராபிக்ஸ்கூட வேண்டாம்.