கைப்பேசியில் சேமிக்கும் காணொலி யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம். சமூக ஊடகங்களிலிருந்து காணொலிகளைப் பதிவிறக்குவது பற்றி, வடசென்னையில் கானா பாடும் இளைஞர்களின் பக்கம் நின்று சில செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்.

வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஓர் இளைஞர் தாமே எழுதி மெட்டமைத்த பாடலை மொட்டை மாடியில் பாடி இன்ஸ்டாகிராமில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை யாரோ பதிவிறக்கி, அவர் பெயர் இருந்த ஓரத்தை வெட்டி, வேறொரு பக்கத்தின் முத்திரையை ஒட்டி மீண்டும் ஏற்றிவிட்டால், பாட்டு ஊரெல்லாம் ஒலித்தாலும் கச்சேரிக்கு அழைக்க நினைப்பவருக்குப் பாடியவர் யாரென்று தெரியாமல் போகிறது. இது அவருடைய பிழைப்பில் கை வைப்பது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அந்தப் பாடல் அவருடையது. எங்கும் பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதியவருக்கு வாழ்நாள் முழுவதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. பாடியவர் என்ற முறையிலும் 50 ஆண்டு உரிமை தனியே உண்டு. தெரிந்தே மீறுகிறவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

அப்படியானால் ஒரு தாளத்தைக் கற்றுக்கொள்வதற்காகச் சேமித்து வைப்பதும் குற்றமா என்று கேட்பீர்கள். சொந்தப் பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் பயன்படுத்திக்கொள்ள அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் சட்டம் தரும் அந்த இடமும், கணக்குத் தொடங்கும்போது தளத்தின் விதிகளுக்கு நாம் தரும் ஒப்புதலும் வேறு வேறு. யூடியூப், தான் தரும் பதிவிறக்கப் பொத்தானைத் தவிர்த்த வழிகளை அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இன்ஸ்டாகிராமில் தம் ரீல்ஸைப் பிறர் பதிவிறக்க முடியாதபடி உரியவரே தடுத்துவைக்கலாம். அந்தத் தடுப்பை அவருடைய விருப்பமாகவே நாம் மதிக்க வேண்டும். பிறர் பயன்படுத்திக்கொள்ள உரியவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு ஏற்றப்பட்டவற்றை, அவர் பெயரைச் சொல்லிப் பயன்படுத்தலாம். யூடியூபின் தேடலிலேயே அவற்றைப் பிரித்தெடுக்க வசதி இருக்கிறது. உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும் பதிவிறக்கச் செயலி எதுவாயினும் அதை நிறுவாதீர்கள்.

சாவு வீட்டுக் கானாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பாடியவர் மனமுவந்து அனுமதி கொடுத்தாலும், காட்சியில் அழுதுகொண்டிருக்கும் அந்த வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. பாட்டு வேண்டுமென்றால் ஒலியை மட்டும் அவரிடம் கேட்டுப் பெறலாம். அந்த முகங்களைப் பரப்ப நமக்கு உரிமை இல்லை என்பதே என் உறுதியான கருத்து.

சான்றுக்காகச் சேமித்து வைப்பது கடமையாகிவிடும் நேரங்களும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. அப்படிப்பட்ட நாளில் மீனவர் ஒருவர் எடுத்த காட்சியைச் சேமிக்கிறவர், ஏற்றியவரின் கணக்குப் பெயர், இணைப்பு, ஏற்றிய நாள் ஆகியவற்றையும் உடன் குறித்துக்கொள்ள வேண்டும். பெயரும் நாளும் இழந்து வாட்ஸ்அப்பில் சுற்றும் துண்டுக் காட்சியை, வேறெங்கோ எப்போதோ எடுத்தது என்று எவரும் எளிதில் தள்ளிவிட முடியும்.

உங்கள் காணொலியே களவு போனால், வெட்டாத மூலப் பதிவை அழிக்காமல் வைத்துக்கொண்டு, நகலின் இணைப்பையும் உங்கள் பதிவின் இணைப்பையும் சேர்த்து அந்தத் தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில் எழுதுங்கள். எழுத்துப்பூர்வமான புகாரின் பேரில் அத்தகைய பதிவை 21 நாள்கள், அல்லது நீதிமன்ற உத்தரவு வரும்வரை, முடக்கி வைக்க 52ஆம் பிரிவு வழிசெய்கிறது. அதற்குள் உத்தரவு வராவிட்டால் தளம் அதை மீண்டும் திறந்துவிடலாம். ஆகவே புகார் அனுப்பிய கையோடு ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.