ஷிவோன் மெக்கென்னாவுக்கு மேடைதான் வீடு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஐரிஷ் நடிகை ஷிவோன் மெக்கென்னாவின் பெருமை நிற்பது மேடையிலா, திரைப்படத்திலா? மேடையில்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நன்றாகவே பேசினார். "மேடையில் நடித்தது அன்றிரவே காற்றோடு போச்சு. 'டாக்டர் ஷிவாகோ'வை இன்றைக்கும் போட்டுப் பார்க்கலாமே" என்றார். பார்க்கலாம் ஐயா, நானும் பார்த்தேன். 1965-இல் வந்த படம், மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. நாயகனை எடுத்து வளர்க்கும் ஆன்னாவாக அவர் வருகிறார். பின்பாதியில் ஆளே இல்லை! 'பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்' நாடகம் 1962-இல் படமானபோது பெகீன் வேடம் அவருக்கே கிடைத்தது. சாராயக்கடைக்காரர் மகள் பெகீனுக்கு இருபது வயதுதான் இருக்கும். ஷிவோன் அப்போது நாற்பதை நெருங்கிவிட்டார். மேடையில் அவர் முன்பே வாழ்ந்து காட்டிய பெண்ணைத் தேடிக் கேமரா வந்துசேர அத்தனை காலம் பிடித்திருக்கிறது.

இனி அயர்லாந்தின் மேற்கே உள்ள கால்வே நகரத்துக்கு வாருங்கள். பெல்ஃபாஸ்டில் பிறந்தாலும் ஐரிஷ் மொழி பேசி இவர் வளர்ந்த ஊர் அது. அங்கே 1928-இல் ஐரிஷ் மொழிக்கென்றே தொடங்கிய 'தைவ்யர்க்' அரங்கில்தான் பதின்ம வயதில் நடிக்க வந்தார். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா டப்ளின்காரர், ஆனால் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கின் கதையான 'செயின்ட் ஜோனை' எழுதியது ஆங்கிலத்தில். அதை 1950-இல் ஐரிஷ் மொழிக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? நம் ஷிவோனேதான்! மொழிபெயர்த்ததும் அவர், ஜோனாக நின்றதும் அவர். ஐரிஷில் ஜோன் என்ற பெயரே ஷிவோன்தான். தன் பெயரையே தாங்கிய நாடகம்!

விசாரணைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். தான் கேட்ட தெய்வக் குரல்கள் பொய் என்று பணிந்து கையெழுத்துப் போட்டுவிட்டாள் ஜோன். ஆயுள் முழுக்கச் சிறைதான் என்று தெரிந்ததும் அந்தத் தாளைக் கிழித்தெறிகிறாள். ரொட்டியும் தண்ணீரும் போதும் எனக்கு, வானத்து வெளிச்சமும் வானம்பாடியும் ஆட்டுக்குட்டிக் குரலும் கோயில் மணியும் இல்லாமல் எப்படி வாழ்வேன் என்கிறாள். அந்த வரிகளை ஒவ்வொரு சொல்லாகத் தன் மொழியில் தேடி எடுத்தவள் வாயிலிருந்தே கேட்க, கால்வே மக்கள் கொடுத்துவைத்தவர்கள்! அதே வேடத்தை ஆங்கிலத்தில் 1954-இல் லண்டனிலும் 1956-இல் நியூயார்க்கிலும் நடித்தார். 'லைஃப்' இதழ் ஜோன் கோலத்திலேயே அவரை அட்டையில் போட்டது.

எதிரணிக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த இரவுகளை நானும் பார்த்ததில்லை, அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் நமக்குக் கிடைக்காமல் போனதாலேயே ஒன்று சிறியதாகிவிடுமா, நடுவர் அவர்களே?

1985-இல் ட்ரூயிட் நாடகக் குழுவோடு மறுபடி அதே கால்வே. டாம் மர்ஃபி எழுதிய நாடகம் 'பாலிகங்காரே', சிரிப்பில்லாத ஊர் என்று பொருள். அதில் மாமோ என்ற கிழவி வேடம் ஷிவோனுக்கு. நினைவு தடுமாறும் மாமோ கிழவி கட்டிலில் உட்கார்ந்து ஒரே கதையை இரவெல்லாம் சொல்கிறாள். எந்த இரவும் அதை முடித்ததில்லை. காமிரா நெருக்கம் இல்லை, வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. ஒரு கட்டில், ஒரு குரல்! இத்தனை நாள் முடியாத கதை அன்றைக்கு முடிகிறது. பேத்திகள் இருவரும் அவளோடு அதே கட்டிலில் படுத்துக்கொள்கிறார்கள். மறு ஆண்டு நவம்பரில் ஷிவோன் மறைந்தார்.

தீர்ப்பு எழுதும்போது அந்தக் கட்டிலையும் ஒருமுறை பாருங்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.