டயரை மாற்றும் முன் கோணத்தைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். காட்பாடிப் பக்கம் வீல் அலைன்மென்ட், அதாவது கார் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் பட்டறை வைத்திருக்கிறேன், ஸ்பேனர் சத்தம் இல்லாத அறையில் உட்கார்ந்து பேசுவதே ஒரு மாதிரி இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"அண்ணா, ஏலகிரி வளைவில் வண்டி வழுக்குற மாதிரி இருக்கு, அகல டயர் போட்டுடலாமா?" பட்டறைக்கு வரும் தம்பிகள் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். பாரி, ஓரி என்று பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள் அங்கே, பயம் நியாயம்தான். நான் பதில் சொல்லாமல் முதலில் டயரைத் தடவிப் பார்ப்பேன். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் அரம் மாதிரியும் கையைப் பிடித்தால் டோ தப்பு, அதாவது முன்சக்கரங்கள் நேரே பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கின்றன. ஒரு சக்கரம் கால் டிகிரி விலகினாலே கிலோமீட்டருக்கு 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓடும். சென்னை இங்கிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர், கணக்குப் போட்டால் 600 மீட்டர் உரசல் வருகிறது, ரப்பர் எப்படித் தாங்கும்?

அடுத்தது கேம்பர், அதாவது முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது டயரும் கூடவே சாய்ந்து வெளி ஓரத்தில் நின்றுவிடும். அதனால் சக்கரத்தின் தலையைக் கொஞ்சம் உள்ளே சாய்த்து வைத்தால் வளைவில் அது தரையோடு படிந்து உட்காரும், இதுதான் நெகட்டிவ் கேம்பர். நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் இதைத் திருப்ப வழியே கிடையாது, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டின் அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, சாய்வைக் கொஞ்சம் நகர்த்த விடும் கேம்பர் போல்ட் போட வேண்டும், அதில் ஒரு டிகிரி போலக் கிடைக்கும். தினசரி ஓட்டுகிற வண்டிக்கு அது தாராளம். நான் என் பழைய காரை ஸ்பிரிங் மாற்றி இறக்கிவிட்டு, டோவைத் திரும்பப் பார்க்காமல் ஆறு மாதம் ஓட்டினேன், வெளியே பார்த்தால் புது டயர், உள் ஓரத்தில் கம்பி தெரிந்தது. பட்டறைக்காரன் வண்டியே இப்படி! உயரத்தையோ கேம்பரையோ தொட்டால் டோவும் நகரும், மறக்காதீர்கள்.

சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையின் ரப்பர் புஷ்ஷான லோயர் ஆர்ம் புஷ், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனை இவை ஆடினால் அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் பச்சையாகக் காட்டும், பிரேக்கை அழுத்தியதும் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். தேய்ந்த புஷ்ஷை மாற்றினாலே "வண்டி புதுசு மாதிரி ஆயிடுச்சுண்ணா" என்று சொல்லி, அகல டயரை மறந்தவர்கள் உண்டு.

அப்புறம், அலைன்மென்ட்டுக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். காற்றை மட்டும் காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள், நம் வேலூர் மதிய வெயிலில் பார்த்தால் அளவு கூடத்தான் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடுவார்கள்.