ஸ்டென்ட் வச்சவங்களுக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தா

[திரையில்: தெர்மாமீட்டர், 102 டிகிரி]

நிமிஷத்துக்கு 70 தடவை துடிக்கிற இதயம், 102 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 39 செல்சியஸ்) காய்ச்சல்ல 90ஐத் தொடும். உடம்புச் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினா துடிப்பு கிட்டத்தட்ட 10 கூடும். நல்ல இதயம் தாங்கிக்கும். இதய ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கிறவங்களுக்கும், அடைப்பை விரிச்சு ஸ்டென்ட்ங்கிற சின்னக் கம்பிவலைக் குழாய் வச்சவங்களுக்கும் இங்கதான் சிக்கல். இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் போறது, ரெண்டு துடிப்புக்கு நடுவுல அது ஓய்வெடுக்கிற நேரத்துல. துடிப்பு வேகமானா முதல்ல குறையறது அந்த ஓய்வுதான். வேலை கூடுது, வரவு குறையுது.

வைரஸோட நடக்கிற சண்டையில ரத்தக்குழாய்ச் சுவரும் புண்படும். அங்க படிஞ்ச கொழுப்புத் திட்டு வெடிக்கலாம், ரத்தமும் அந்த நாட்கள்ல சீக்கிரம் உறையும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துல நடந்த ஆய்வு 2018ல வந்தது: டெஸ்ட்ல ஃப்ளூ உறுதியான முதல் 7 நாள்ல மாரடைப்பு வாய்ப்பு ஆறு மடங்கு.

[திரையில்: மாத்திரை அட்டையின் பின்பக்கம்]

தப்பு ஒண்ணு மெடிக்கல் ஷாப்புல நடக்குது. 'சளி மாத்திரை'ன்னு கேட்டு வாங்குற அட்டையைத் திருப்பிப் பாருங்க. ஃபினைல்எஃப்ரின்னு இருந்தா வேண்டாம். மூக்கடைப்புக்குன்னு கொடுக்கிற அதே மருந்து ரத்தக்குழாயைச் சுருக்கி பிரஷரை ஏத்தும். உடம்பு வலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். இதைப் போட்டா சிறுநீரகம் உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வச்சுக்கும், பலவீனமான இதயம் மூச்சுத்திணறல்ல போய் நிக்கும். பாராசிட்டமால் 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில, நாளைக்கு நாலுக்கு மேல போகாம போதும். கல்லீரல் பிரச்சினை இருந்தாலோ, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுத்தாலோ இதையும் டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க. தண்ணியில போட்டா நுரைக்கிற வகை வேண்டாம், அதுல சோடியம் அதிகம்.

ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் பலவீனமாகி ரத்தத்தைச் சரியா பம்ப் பண்ண முடியாத நிலை) இருக்கிறவங்க 'நிறைய தண்ணி குடி'ங்கிற பேச்சை அப்படியே எடுத்துக்கக் கூடாது. டாக்டர் ஒன்றரை லிட்டர்னு சொல்லியிருந்தா கஞ்சி, ரசம் எல்லாம் அந்தக் கணக்குலதான். காலையில சிறுநீர் கழிச்சதும், சாப்பிடறதுக்கு முன்னாடி எடை பாருங்க. மூணு நாள்ல 2 கிலோ ஏறினா அன்னிக்கே டாக்டரைக் கூப்பிடுங்க. வாந்தி, பேதி இருந்தா கதை வேற: நீர் மாத்திரையும், சர்க்கரைக்கும் ஹார்ட் ஃபெயிலியருக்கும் கொடுக்கிற டபாக்ளிஃப்ளோசினும் தொடரலாமான்னு அன்னிக்கே கேட்கணும்.

ரத்தம் உறையாம தடுக்கிற ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல்லை நீங்களா நிறுத்தாதீங்க, குறிப்பா ஸ்டென்ட் வச்சு ஒரு வருஷம் ஆகாதவங்க. நிறுத்தினா ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் உறையலாம். நம்ம ஊர்ல ஒரு குழப்பம், டெங்கு. அதுல தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைஞ்சு ரத்தக்கசிவு வரலாம், இந்த மருந்துகள் அதைக் கூட்டும். அதனால மழைக்காலக் காய்ச்சல்னா முதல் அஞ்சு நாளுக்குள்ள டெங்குவைக் கண்டுபிடிக்கிற என்எஸ்1 டெஸ்டும் ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் பாருங்க. தொடரலாமா நிறுத்தணுமாங்கிறதை இதய டாக்டர் முடிவு பண்ணட்டும்.

ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர்ங்கிற வைரஸ் எதிர்ப்பு மருந்து இருக்கு. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்ல பலன், அதனால 'ரெண்டு நாள் பார்க்கலாம்'னு காத்திருக்காதீங்க. வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசியும் போடுங்க. 2021ல வந்த ஓர் ஆய்வுல, மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில இருக்கும்போதே அதைப் போட்டுக்கிட்டவங்கள்ல ஒரு வருஷத்துக்குள்ள இறந்தவங்க 2.9 சதவீதம், போடாதவங்கள்ல 4.9.

[திரையில்: 108]

நெஞ்சு இறுக்கம், படுத்தா மூச்சு முட்டுறது, மயக்கம், காய்ச்சல் விட்டும் படபடப்பு. இதுல எது வந்தாலும் 108. வர்றவங்ககிட்ட டிஸ்சார்ஜ் சம்மரியையும் இன்னிக்குப் போட்ட மாத்திரை அட்டைகளையும் கையில கொடுங்க.