கோயிலுக்கு முன்பே பங்கு இருந்தது

அன்புக்குரிய பங்கு மக்களே, பெரியோர்களே,

பங்கு வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோயிலுக்கு அடிக்கல் நாட்டிய நாளிலிருந்தோ முதல் பங்குத்தந்தையின் பெயரிலிருந்தோ தொடங்குகிறார்கள். நம் தென்மாவட்டத்து உள்நாட்டுக் கிராமங்களுக்கு அது பாதிக் கதைதான். சாமியார் வந்து தங்குவதற்கு வெகு காலம் முன்பே பல ஊர்களில் செபம் நடந்திருக்கிறது. நடத்தியவர்கள் உபதேசியார்கள், அதாவது குருவாகாமலே ஊராருக்கு வேதம் சொல்லிக் கொடுத்தவர்கள்.

கடற்கரையின் கதை வேறு. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களின் நடுவில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-இல் சவேரியார் வந்தார். அங்கே போர்ச்சுகீசியருடைய கடற்படை துணை இருந்தது. உள்நாட்டில் அந்தத் துணை கிடையாது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி என்ற தத்துவ போதகர் காவி உடுத்தி, தமிழ் கற்று, உள்ளூர்த் துறவியைப்போல வாழ்ந்துதான் மதுரை மிஷனைத் தொடங்க முடிந்தது.

அந்த மிஷனில் குருக்கள் மிகச் சிலர். ஒருவருடைய பொறுப்பில் பல நாள் நடைத்தூரத்துக்கு ஊர்கள் சிதறிக் கிடக்கும். வருவார், பாவசங்கீர்த்தனம் கேட்பார், பூசை வைப்பார், அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். மீதி நாளெல்லாம் யார் பார்த்தது? ஞாயிறு செபம் சொல்லிக் கொடுத்தது, சாகக்கிடந்த குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தது, செத்தவரை அடக்கம் செய்தது, சண்டையைத் தீர்த்து வைத்தது எல்லாம் உபதேசியார்தான். இவர்களுக்காகவே வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். அவ்வளவு பெரிய புலவர் கிராமத்து உபதேசியாருக்காக உட்கார்ந்து ஒரு நூல் எழுதினார் என்பதிலேயே அவர்களுடைய இடம் தெரிகிறது.

ஆபத்திலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது. 1686-இல் மறவர் சீமையில் (இராமநாதபுரம் பகுதி) அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோ சாமியார் பிடிபட்டபோது உபதேசியார்களும் கூடவே பிடிபட்டு அடிபட்டார்கள். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டதை நாம் எல்லோரும் அறிவோம், ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். உடன் அடிபட்டவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

பெரிய சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. 1759-இல் போர்ச்சுகல் அரசு, மதுரை மிஷனை நடத்திவந்த இயேசு சபையைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து விரட்டியது. 1773-இல் பாப்பரசரே சபையைக் கலைத்தார். பாரீஸ் மறைபரப்புச் சபையினரும் கோவா குருக்களும் முடிந்தவரை கவனித்தார்கள், ஆனால் ஆள் போதவில்லை. அந்தப் பல பத்தாண்டுகளில் பல ஊர்களில் விசுவாசம் அணையாமல் இருந்தது உபதேசியார் வீட்டுத் திண்ணையில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சபை மீண்டும் உயிர்பெற்ற பிறகு, 1838-இல் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைக்கு வந்தார்கள். வெயிலும் காய்ச்சலும் காலராவும் சில ஆண்டுகளிலேயே பலரைக் கொண்டுபோயின. அதோடு அதிகாரச் சண்டை வேறு. ரோமாபுரி அனுப்பிய குருக்களா, போர்ச்சுகல் உரிமையின்கீழ் வந்த கோவா குருக்களா என்று ஊர்கள் இரண்டுபட்டன. சரி, அது ரோமாபுரியும் போர்ச்சுகலும் செய்துகொண்ட 1886 ஒப்பந்தத்துக்குப் பிறகு மெல்லத் தணிந்தது. அதே ஆண்டில் திருச்சி மறைமாவட்டம் உருவானது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அது சாதி. வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலில் இரண்டு பகுதி, நடுவே சுவர். 1910-இல் கோசானல் சாமியார் அந்தச் சுவரை இடித்தார். எதிர்ப்பு நீதிமன்றம் வரை போனது. விழா மலர்களில் இதை விட்டுவிடுவது அன்று தனியே உட்கார வைக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

விழா மலர் தயாரிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்களை ஊன்றிப் பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அவர் உபதேசியாராக இருக்கக்கூடும். அந்தக் குடும்பத்தைத் தேடிப் போய்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கிடைத்த பெயரைப் பங்குத்தந்தையர் பட்டியலுக்கு மேலே அச்சிடுங்கள்.