போன் இருக்கும்போது ஜிபிஎஸ் எதுக்கு?

நேயர்களுக்கு வணக்கம். ராமேஸ்வரம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். படகில் இருந்து வரும் ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ், அப்புறம் மொபைல் போன், எதைக் கொண்டுவந்தாலும் பழுது பார்ப்பேன். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் விசைப்படகுக்காரர்களுக்கு ஓய்வு, எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஏப்ரல் 15-இல் ஆரம்பித்து 61 நாளும் கருவிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். இப்போதெல்லாம் வருகிறவர்களில் பலர் பையைத் திறக்கும் முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, போன்லயே மேப் வருது. இதைச் சரி பண்ணிக் காசைக் கரைக்கிறதுக்கு வித்துறலாமா?"

விற்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்கு ஊரில் சொல்லும் காரணமும் நான் சொல்லும் காரணமும் வேறு.

ஊரில் என்ன சொல்கிறார்கள்? கடலுக்குள் போனால் டவர் கிடைக்காது, அதனால் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்கிறார்கள். இது தப்பு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, இப்போது மணி என்ன, நான் இருக்கும் இடம் எது என்று ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. இந்த வானொலியை நீங்கள் கேட்பதுபோல, அதைக் கேட்க ஒரு வாங்கி இருந்தால் போதும். நாலு செயற்கைக்கோள் காதில் விழுந்தால் நம் இடம் கணக்காகிவிடும். அந்த வாங்கி உங்கள் போனுக்குள்ளும் இருக்கிறது. சிம் கார்டையே கழற்றிவிட்டாலும் அது வேலை செய்யும். திறந்த வானத்தின் கீழ் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாகவும் சொல்லும். கடலைவிடத் திறந்த வானம் வேறு எங்கே இருக்கிறது?

டவர் இல்லாவிட்டால் இரண்டு விஷயம்தான் கெடும். ஒன்று, மேப் வெறும் கட்டமாக நிற்கும். கரையில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, முதல் தடவை இடத்தைப் பிடிக்க நேரமாகும். எந்தச் செயற்கைக்கோள் எங்கே நிற்கிறது என்ற கணக்கைக் கரையில் போன் டவர் வழியாக நொடியில் வாங்கிக்கொள்கிறது. டவர் இல்லாத இடத்தில் அதே கணக்கை வானத்தில் இருந்து மெதுவாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்றுமே தெரியாத நிலையில் ஆரம்பித்தால் முழு அட்டவணையும் வந்துசேர பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும். நம் பையன்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "போன் செத்துப்போச்சு" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். படகு கட்டும் ஜெட்டியில் கயிறு அவிழ்க்கும் முன்பே மேப்பைத் திறந்து, இடம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பினால் இந்தப் பிரச்சினை வராது.

ஆக, போனின் காதில் குறை இல்லை. உடம்பில்தான் குறை. கடலில் வழி காட்டுவதற்கென்று அந்த உடம்பை யாரும் செய்யவில்லை.

உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். போன் திரையில் இரண்டு சொட்டு விழுந்தால் அதை விரல் என்று நினைத்துக்கொண்டு மேப்பை அதுவே இழுக்கும், பெரிதாக்கும், யாருக்கோ போன்கூடப் போடப் பார்க்கும். வலை இழுத்த கையால் தொட்டால் ஒன்றும் நடக்காது. ஜிபிஎஸ் கருவியில் ரப்பர் பொத்தான். மீன் செதிள் ஒட்டிய கையால் அழுத்தினாலும் டக்கென்று கேட்கும். உச்சி வெயிலில் போன் திரையைப் பார்க்கத் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். பழைய கறுப்பு வெள்ளை ஜிபிஎஸ் திரையோ வெயில் ஏற ஏறத் தெளியும், ஏனென்றால் அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக் காட்டுகிற வகை.

சூடு இன்னொன்று. ஐபோனை 35 டிகிரி வரைக்குமான சூழலில் பயன்படுத்துங்கள் என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். மே மாதம் நம் கேபினுக்குள் 35 டிகிரி என்றால் குளிர் என்போம். என் அண்ணன் மகன் ஒருமுறை ஃபைபர் படகில், கண்ணாடிக்குப் பின்னால் போனைச் சாய்த்து வைத்து, சார்ஜரையும் சொருகிக்கொண்டு போனான். மத்தியானம் திரையில் வெப்பநிலை எச்சரிக்கை வந்தது, அப்புறம் திரையே இல்லை. ஈரத் துணியைச் சுற்றி அரைமணி நேரம் காத்திருந்தானாம். நல்லவேளை, ராமேஸ்வரம் டிவி டவர் கண்ணுக்குத் தெரிகிற தூரம். 323 மீட்டர் உயரத்தில் அதை நட்டவர்கள் நமக்காக நடவில்லை என்றாலும், இன்றைக்கும் நம் ஆட்களுக்கு அது ஒரு கலங்கரை விளக்கம்தான்.

தண்ணீர் புகாத போன் என்று விலை அதிகம் கொடுத்து வாங்குகிறார்கள். அந்தச் சோதனையைச் செய்வது நல்ல தண்ணீரில். சார்ஜ் போடும் ஓட்டையில் உப்பு இறங்கினால் என்ன ஆகும் என்று என் மேசைக்கு வந்தால் காட்டுகிறேன். நம் கடலில் அதிகம் புழங்கும் கார்மின் 72 எச் மாதிரிக் கைக்கருவிகள் கை தவறி விழுந்தால் மிதக்கும். போன் நேராகப் பாருக்கு, அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைக்குப் போய்விடும்.

ஜிபிஎஸ்காரர்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். தடைக்காலத்தில் பாட்டரியை உள்ளேயே விட்டுவிட்டு மூலையில் போடுவீர்கள். நான் மூடியைத் திறந்தால் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு. எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்து எடுக்கிறேன். சில நேரம் கம்பியே கையோடு வந்துவிடுகிறது. பாட்டரியைக் கழற்றி வைக்கக் காசா பணமா?

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். என்னிடம் வரும் பிரச்சினைகளில் ஆபத்தானது இதுதான்.

கருவியில் இருந்து போனுக்கு, போனில் இருந்து கருவிக்கு என்று பாயிண்ட்டை, அதாவது கடலில் குறித்துவைத்த இடத்தின் எண்ணை, மாற்றுகிறீர்கள். எண்ணை அப்படியே பார்த்து அடிக்கிறீர்கள். இரண்டும் ஒரே கணக்கில் பேசுவதில்லை. நம் கருவிகளில் பெரும்பாலும் டிகிரி, நிமிடம் என்று இருக்கும். போன் மேப்பில் டிகிரியை நேரடியாகத் தசமத்தில் போடுவார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் பாக் நீரிணை எல்லைக்கோட்டை ஆறு புள்ளிகளாக எழுதியிருக்கிறார்கள். நாலாவது புள்ளி கச்சத்தீவுப் பக்கம் இருக்கிறது: வடக்கே 9 டிகிரி 21.80 நிமிடம், கிழக்கே 79 டிகிரி 30.70 நிமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால், தசமத்தில் இது 9.3633, 79.5117 ஆகும். இதைத் தெரியாமல் ஒருவர் 9.2180, 79.3070 என்று போனில் அடித்தால்? புள்ளி கச்சத்தீவை விட்டுவிட்டு, ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் போய் உட்காரும். கிட்டத்தட்ட 15 கடல் மைல் பிசகு. பார் தப்பினால் ஒருநாள் மீன்பாடு போகும், அவ்வளவுதான். எல்லை தப்பினால் என்ன நடக்கும் என்று இந்தக் கரையில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

கருவியின் அமைப்புப் பக்கத்தில் இந்தக் கணக்கு முறையை மாற்ற வழி இருக்கிறது. மாற்றத் தெரியாவிட்டால், மாற்றிய எண்ணைத் தெரிந்த ஒரு இடத்தில் வைத்துச் சோதியுங்கள். ஜெட்டியில் நின்று பாயிண்ட் எடுத்து, அதைப் போனில் அடித்தால் போனும் ஜெட்டியைக் காட்ட வேண்டும்.

போனில் எனக்குப் பிடித்த விஷயமும் இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரண்ட் செயலி காற்று, அலை, மீன் கிடைக்கக்கூடிய பகுதி எல்லாவற்றையும் தமிழில் சொல்கிறது, எல்லை நெருங்கினால் எச்சரிக்கவும் செய்கிறது. கிளம்பும் முன் கரையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் சில இளவட்டங்கள் இலங்கை நெட்வொர்க்கில் இருந்து வரவேற்பு மெசேஜ் வந்தால்தான் எல்லை வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மெசேஜ் தனுஷ்கோடி மணலில் நிற்கிறவனுக்கே வரும், தம்பி. டவருக்கு எல்லை தெரியாது.

அப்புறம், வீட்டுப் பெண்கள் என்னிடம் கேட்பது: "படகுல ஜிபிஎஸ் இருக்கே, அவரு எங்க இருக்காருன்னு கரையில பார்க்க முடியாதா?" முடியாது அக்கா. ஜிபிஎஸ்ஸுக்குக் காது உண்டு, வாய் கிடையாது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அன்றைக்கு குமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகளில் ஜிபிஎஸ் இருந்தது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும், கரைக்குத்தான் தெரியாது. புயல் வருவதை அவர்களிடம் சொல்லவும் வழி இல்லாமல் போனது. டவர் எட்டாத இடத்தில் போனும் அதே கதைதான். அதற்கு வயர்லெஸ் வேண்டும், இல்லாவிட்டால் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் வேண்டும். அது செயற்கைக்கோள் வழியாகவே செய்தி அனுப்பும், வாங்கும்.

கையில் காசு ஒரு கருவிக்குத்தான் இருக்கிறது என்றால் நல்ல நிலையில் உள்ள பழைய ஜிபிஎஸ் ஒன்று வாங்குங்கள், புதுப் போனைத் தள்ளிப்போடுங்கள். பழைய போனிலும் பாயிண்ட்டுகளைச் சேமிக்கலாம். கருவியோடு சேர்ந்து உங்கள் பாயிண்ட் எல்லாம் கடலில் போய்விட்டால் என்னாலும் மீட்டுத் தர முடியாது. அதனால் போனில் ஒரு பிரதி இருக்கட்டும், வீட்டில் ஒரு நோட்டும் இருக்கட்டும்.

போன தடைக்காலத்தில் ஒரு பெரியவர் அப்படி ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். எண்ணெய்க் கறை, தாள் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. இரண்டு நாள் உட்கார்ந்து அவர் வாசிக்க வாசிக்க நான் புதுக் கருவியிலும் பேரனின் போனிலும் ஏற்றினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு பாருக்குப் பேர் மட்டும் இருந்தது, எண் இல்லை. "இதுக்கு நம்பர் சொல்லுங்க மாமா" என்றேன். அந்த இடத்தைப் பிடிக்கக் கடலில் இருந்து கோயில் கோபுரத்தையும் டிவி டவரையும் எப்படிச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கையால் காட்ட ஆரம்பித்தவர், பக்கத்தில் வேறொரு படகுக்காரர் நிற்பதைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிக்கொண்டார்.

வணக்கம்.