ஆட்டம் தொடங்கும் முன்பே செத்துப்போகும் ஹீரோ!

1977-ல் வந்த 'டிராவலர்' என்ற விண்வெளி ஆர்பிஜியில் (ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) உங்கள் கேரக்டர் முதல் காட்சிக்கு முன்பே செத்துப்போகலாம். சண்டையில் இல்லை, கேரக்டரை உருவாக்கும்போதே!

எப்படி? முதலில் கேரக்டரை ஒரு பணியில் சேர்க்க வேண்டும். நான்கு வருடம் வேலை பார்த்தால் சில திறமைகள் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு நான்கு வருடத்துக்கும், ஆள் பிழைத்தாரா என்று இரண்டு பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். ஸ்கவுட் (விண்வெளியை ஆராயும்) பணி என்றால் கூட்டுத்தொகை 7-க்குக் குறையக் கூடாது. உடம்பு திடமாக இருந்தால் 2 கூடுதலாகக் கிடைக்கும். சுமாரான உடம்பா? 36-ல் 15 வாய்ப்பு சாவுக்குத்தான். இன்னும் நான்கு வருடம் இருந்தால் புதுத் திறமையும் கிடைக்கலாம், சங்கும் ஊதலாம். ஊதிவிட்டால் புதுத் தாளை எடுத்து வேறு கேரக்டர் எழுத வேண்டியதுதான். கிறுக்குத்தனம் என்பீர்கள். எனக்கு இது அருமையான சூதாட்டம்! இந்தப் பயம் இல்லாவிட்டால் எல்லோரும் திறமைகளை மூட்டை கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

சரி, வரலாறு வேகமாக. 1974-ல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மாயாஜால ஆர்பிஜி, பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. அங்கே வீரர்கள் விழுவது சகஜம். டன்ஜன்ஸிலும் புது மந்திரவாதியின் உயிர்ப் புள்ளிகள் ஒரே ஒரு பகடையில் விழுவதுதான். 1 விழுந்தால் ஒரே அடியில் ஆள் காலி.

அப்புறம் ஆட்டக்காரர்களுக்குக் கேரக்டர் மேல் பாசம் வந்துவிட்டது. நீளமான கதை கேட்டார்கள். 1984-ல் டன்ஜன்ஸுக்காக வந்த 'டிராகன்லான்ஸ்' சாகசக் கதைகளில் ஒரு விதி உண்டு: கதைக்கு முக்கியமானவர் செத்தால், பிணம் யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பி வரலாம். மெகா சீரியல் பார்த்தவர்கள் சிரிப்பது கேட்கிறது!

டிராவலரும் இளகியது. 1981 பதிப்பில், விரும்பினால் சாவுக்குப் பதில் காயத்தோடு பணியை விட்டு வெளியேறலாம். 2014-ல் வந்த டன்ஜன்ஸின் ஐந்தாம் பதிப்பிலோ, உயிர்ப் புள்ளி பூஜ்யத்துக்கு வந்தாலும் மூன்று முறை பகடை தவறினால்தான் பொதுவாகச் சாவு.

உருவாக்க நேரமும் ஒரு காரணம். பத்து நிமிடத்தில் செய்த கேரக்டர் செத்தால் சிரிப்போம். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, முன்கதை எழுதிச் செய்த கேரக்டர் செத்தால், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் தப்ப முடியுமா?

இதற்கிடையில் 'பழைய ஆபத்துதான் வேண்டும்' என்று ஒரு கூட்டம் 2000-களில் கிளம்பி, பழைய விதிகளையே புதுப் புத்தகமாகப் போட ஆரம்பித்தது. என் ஓட்டு அவர்களுக்கே. கேரக்டரை இழந்து அழுதவர்கள் கமெண்டில் வந்து என்னைத் திட்டலாம், லைக் போட்டுவிட்டுத் திட்டுங்கள்.